ஏழாம் நம்பரின் மூன்றாவது ஃபவுல்

புது விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் உங்களுக்கு முதலில் ஒரு வாழ்த்து. அடுத்ததாக ஓர் எச்சரிக்கை. இந்த வேலையில் ஒருவரும் உங்களுக்குக் கைதட்டப்போவதில்லை. பழைய மாணவர் சங்கங்களின் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். தோற்கிற சங்கத்து அங்கிள்மார் அத்தனை பேரும் அடுத்த கலியாண வீட்டில் உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள். வெல்கிற சங்கத்தார் உங்களை மறந்தே போவார்கள். இதற்கெல்லாம் சம்மதமென்றால் மேலே வாசியுங்கள். தமிழ் வாசிக்க வராதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அம்மா இடையிடையே தன்னுடைய கதையையும் சேர்ப்பா, அதற்கு நான் பொறுப்பில்லை.

விதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன. என் காலத்து விதிகளில் பாதி இப்போது இல்லை. மூன்று புள்ளிக் கோடு என்ற ஒன்றே அப்போது கிடையாது. நான் சொல்ல வந்தது ஒரேயொரு ஃபவுலைப் பற்றி. எத்தனை ஆயிரம் ஃபவுல் ஊதினேனோ கணக்கில்லை. ஆனால் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஒன்றை மட்டும் விலாவாரியாகச் சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில் நானும் மனைவி மலரும் மெல்பேர்னுக்கு வந்து நோபல் பார்க்கில் வீடு எடுத்தோம். எனக்கு ஒரு ரெக்னிக்கல் ஸ்கூலில் கணக்கு வாத்தியார் வேலை. சனிக்கிழமை வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. தமிழ்ச் சனத்தைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அவர்களும் ரெயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில். நான் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு விளையாடியவன். பள்ளிக்கூடப் போட்டிகளுக்கு நடுவர் போதவில்லையென்று ஆள் தேடினார்கள், நான் கையைத் தூக்கிவிட்டேன். மலர் படிக்கிற காலத்தில் தன் பள்ளிக்கூட அணிக்கு ஸ்கோர் எழுதியவள். "நீங்கள் போய் ஊதுங்கோ, நான் வீட்டில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு அவளும் ஸ்கோர் மேசைக்கு வந்துவிட்டாள். அவள் எழுதிய தாளைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். அடித்தல் திருத்தல் மருந்துக்கும் இராது.

முதல் மாதத்திலேயே ஒரு வில்லங்கம் வந்தது. அரைநேர இடைவேளையில் நான் மேசைக்குப் போய் மலரிடம், "தேத்தண்ணிப் போத்தல் எங்கை வைச்சனீர்?" என்று கேட்டேன். தோற்றுக்கொண்டிருந்த அணியின் பயிற்சியாளர் பாய்ந்து வந்துவிட்டார். "இரண்டு பேரும் உங்கள் மொழியில் என்ன திட்டம் போடுகிறீர்கள்?" என்றார். தேநீர்த் திட்டம் என்று சொன்னால் நம்புவாரா? அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டோம். மண்டபத்து வாசலைத் தாண்டினால் தமிழ் இல்லை. அவள் ஸ்கோரர், நான் ரெஃபரி. தேத்தண்ணி கேட்பதும் இங்கிலீசில்தான்.

என்னோடு சோடியாக ஊதியவர் ஒரு இறைச்சிக்கடைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், ஆனால் பதினெட்டு வயதிலிருந்தே விசில் ஊதுகிறவர். அவர் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. "மேசைக்குப் போனால் இரண்டு காலையும் ஊன்றி நில். ஒரு மூச்சு விடு. அதற்குப் பிறகு கையைத் தூக்கு." கையைத் தூக்குவதற்கும் ஒரு படிப்பா என்று நான் மனதுக்குள் சிரித்தேன். அந்தக் காலத்தில் ஆட்டக்காரரின் சட்டை இலக்கம் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும், நாங்கள் விரலால் காட்டுவோம். ஏழென்றால் ஒரு கை முழுவதும் மறு கையில் இரண்டு விரலும். ஒன்பதென்றால் ஒரு கை முழுவதும் மறு கையில் நாலு விரலும். சின்னப்பிள்ளைக் கணக்கு. கணக்கு வாத்தியாருக்கு அது பிழைக்குமென்று யார் நினைப்பார்கள்?

இனி எங்கள் அயலவர். அப்போது இங்கே ஆசிரியர் பஞ்சம், அமெரிக்காவிலிருந்து விமானம் விமானமாக ஆட்களை இறக்கினார்கள். அப்படி வந்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருந்தார். இந்தியானா மாநிலத்துக்காரர். பக்கத்து ஹைஸ்கூலில் உடற்பயிற்சி ஆசிரியர், பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியப்பம் அவிகிற மணம் அவர் வீடு வரைக்கும் போகுமோ என்னவோ, சொல்லிவைத்தது போல வந்து கதவைத் தட்டுவார். சாப்பிட்டுக்கொண்டே தன் ஊர்ப் புளுகை அவிழ்த்துவிடுவார். அவருடைய ஊரில் சனத்தைவிடக் கூடைப்பந்து மண்டபத்தில் கதிரை கூடவாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட ஆட்டமென்றால் கடைத்தெரு முழுக்கப் பூட்டாம். ஊர் அணி வென்றால் நடுவருக்கு இலவசச் சாப்பாடு, தோற்றால் பொலிஸ்கார் வந்து அவரை ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடுமாம். மலர், "அப்ப நாங்கள் அங்கை போகாதது நல்லதுதான்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அவருடைய அணியில் எலேனி என்றொரு பிள்ளை. கடைசி வருடப் படிப்பு, சட்டை இலக்கம் ஏழு. தகப்பன் கிரேக்கர், மீனும் சிப்ஸும் பொரிக்கிற கடை வைத்திருந்தார். அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தால் எதிரணிப் பிள்ளைகள் வழிவிடுகிறார்களோ என்று தோன்றும், அவ்வளவு லாவகம்.

பள்ளிக்கூடங்களுக்கிடையிலான இறுதிப் போட்டிக்கு நானும் இறைச்சிக்கடைக்காரரும் நடுவர். அதற்கு முதல் ஞாயிறு இந்தியானாக்காரர் எங்கள் குசினி மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். அவருடைய சிநேகிதர் ஒருவர் அங்கே ஒரு கல்லூரியில் பெண்கள் அணிப் பயிற்சியாளர். அணியைக் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குச் சுற்றுப்பயணம் வந்திருக்கிறார். சனிக்கிழமை எலேனியைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் நாலு வருடப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கல்லூரி பொறுப்பு. பிடிக்காவிட்டால் என்னவென்று தகப்பன் முன்பே சொல்லிவிட்டார், பள்ளிக்கூடம் முடிந்த மறுநாள் எலேனி கடையில் நிற்க வேண்டும்.

"நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. சந்தோசத்தில் சொல்கிறேன்" என்றார் அவர்.

உண்மையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே அவருடைய வாயை நான் மூடியிருக்க வேண்டும். யார் பார்க்க வருகிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் நடுவருக்குத் தேவையில்லாத கதை. காதில் விழுந்துவிட்டால் வெளியே எடுக்க முடியாது. நான் இடியப்பத்துக்கு இன்னொரு கரண்டி சொதி விடட்டுமா என்று கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை நல்ல மழை. தகரக் கூரை போட்ட மண்டபம், உள்ளே நிற்க இடமில்லை. இந்தியானாவிலிருந்து வந்த பெரியவர் மண்ணிறக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய அணிக்கு அன்றிரவு வேறெங்கோ ஆட்டம், நாலரைக்கு பஸ் புறப்பட வேண்டும். எலேனியின் தகப்பன் சனம் இருக்கிற படிக்கட்டின் மேல்படியில் நின்று கிரேக்க மொழியில் கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே எண்ணம். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சார்பாக ஊதினான் என்று ஒரு குஞ்சும் சொல்லக்கூடாது. அந்த வீறாப்பில் பத்துப் பேர் விளையாடுகிற ஆட்டத்தில் என் கண் எலேனிமேலேயே நின்றது. முதல் பாதியில் அவளுக்கு இரண்டு ஃபவுல் ஊதினேன். இரண்டும் சரி. அரைநேரத்துக்குச் சற்று முன்னர் கூடைக்குக் கீழே நாலைந்து பேர் கட்டிப்புரண்டார்கள். எதிரணிப் பிள்ளையின் கையில் ஓர் அடி விழுந்தது. ஊதினேன். அடித்த கையில் வெள்ளைப் பட்டி கட்டியிருந்ததை என் கண்ணால் கண்டேன். வெள்ளைப் பட்டி கட்டியிருந்தவள் எலேனியின் அணியில் ஒன்பதாம் நம்பர் பிள்ளை. கண்டுவிட்டு மேசைக்கு ஓடினேன். ஓடின ஓட்டத்திலேயே கையைத் தூக்கினேன். ஒரு கை முழுவதும், மறு கையில் இரண்டு விரல்.

மலர் பேனையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏழா?" என்று இங்கிலீசில் கேட்டாள்.

"ஏழு" என்றேன்.

அப்போது ஃபவுல் செய்தவர் தானே கையை உயர்த்திக் காட்ட வேண்டும். எலேனி வாயைத் திறந்தாள், மூடினாள், கையை உயர்த்தினாள். மூன்றாவது ஃபவுல். ஐந்தானால் வெளியே.

அரைநேரம் ஊதியதும் மலர் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். எங்கள் சட்டத்தை அவள் அன்றுதான் முதன்முதலாக மீறினாள்.

"இஞ்சருங்கோ, அது ஏழோ? ஒன்பதாம் நம்பர் பிள்ளையெல்லோ கையைத் தூக்க வெளிக்கிட்டது. நீங்கள் ஏழு எண்டவுடனை கையை இறக்கிப்போட்டுது."

எதிரணிப் பயிற்சியாளர் இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "இஞ்சை தமிழ் கதைக்கவேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்? நீர் எழுதும். ஊதுறது நான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் பேனையை மூடினாள். பிறகு, "யெஸ், ரெஃபரி" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தாள்.

அவள் முதுகைத் திருப்பிய அந்தக் கணமே எனக்கு வெள்ளைப் பட்டி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஐயோ, நான் காட்டியது ஏழு! அப்போதே திருத்தியிருக்கலாம். என் கண் பிழையாகப் பார்த்திருந்தால் அது பார்த்ததுதான், மாற்ற முடியாது. ஆனால் பார்த்தது ஒன்று, தாளில் பதிந்தது வேறொன்று என்றால் நடுவர் கையெழுத்து வைக்கும்வரை திருத்தலாம். ஒரு வசனம், ஒரு கோடு, அவ்வளவுதான். நான் செய்யவில்லை. மனைவி தமிழில் என்னவோ சொன்னாள், புருசன் உடனே தீர்ப்பை மாற்றினான் என்று மண்டபம் முழுக்கக் கதைக்குமே என்று பயந்தேன். அந்த மண்டபத்தில் எங்கள் நிறத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகளே, பயம் பிடித்தவனுக்குக் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும்.

அதைவிடக் கேவலமான யோசனையும் வந்தது. பிறகு அவளுடைய ஃபவுல் ஒன்றைக் காணாததுபோல விட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்தானே? இந்த யோசனை உங்களுக்கும் வரும். வராது என்று சொல்கிறவர் இன்னும் ஆட்டம் ஊதத் தொடங்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில் எலேனியின் முழங்கை ஒருத்தியின் விலாவில் போய் இடித்தது. விசில் என் பல்லுக்கிடையில் இருக்கிறது, மூச்சு வரவில்லை. மறுகரையிலிருந்து இறைச்சிக்கடைக்காரர் ஊதினார். ஊதிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலாவது ஃபவுல்.

நாலு ஃபவுல் ஏறிய எலேனி வேறு ஆளாகிவிட்டாள். பந்தைப் பறிக்கப் போகிற கை பாதியில் நின்றுவிடும். கூடைக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். வாசலில் இருந்தவர் முகவாயைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கிறது. தப்பிப் போகிற பந்துக்குப் பாய்ந்தவள் எதிரே வந்தவளை இழுத்து விழுத்திவிட்டாள். அதில் சந்தேகமே இல்லை. நான்தான் ஊதினேன். மலர் ஐந்து என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள், முகத்தில் ஓர் அசைவு இல்லை. எலேனி நடந்துபோய் ஓரத்து வாங்கில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். அவளுடைய பயிற்சியாளர், எங்கள் இடியப்ப விருந்தாளி, துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். மேல்படியில் தகப்பன் கத்துவதை நிறுத்திவிட்டார். வாசலில் இருந்த பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார், எழுந்தார், கோட்டின் ஒரு கைக்குள் கையை விட்டார்.

அந்தப் பிள்ளையின் நாலு வருடம் கோட்டுக்குள் போகிற கையோடு போகிறது. நேரே இறைச்சிக்கடைக்காரரிடம் போனேன்.

"அவளுடைய மூன்றாவது ஃபவுல் ஒன்பதாம் நம்பருடையது. நான் பிழையாகக் காட்டிவிட்டேன்."

"எப்போது தெரியும்?"

"அரைநேரத்தில்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "பிழை உன்னுடையதா, என்னுடையதா?" என்று மட்டும் கேட்டார்.

"என்னுடையது."

"அப்படியென்றால் நீ போ. நான் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."

மேசை வரைக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். இரண்டு பயிற்சியாளர்களையும் கூப்பிட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி இங்கிலீசில் சொன்னேன். "முதல் பாதியில் ஏழாம் நம்பருக்குப் பதிந்த மூன்றாவது ஃபவுல் ஏழாம் நம்பருடையதல்ல. நான் கண்டது ஒன்பதை, காட்டியது ஏழை. ஸ்கோரர் அப்போதே என்னைக் கேட்டார். நான் கவனிக்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது."

எதிரணிப் பயிற்சியாளர் துள்ளினார். "இப்போதுதான் ஞாபகம் வந்ததா? அவள் வெளியே போன பிறகா?"

"ஞாபகம் முன்பே வந்தது. தைரியம்தான் இப்போது வந்தது" என்றேன். பயிற்சியாளர்கள் இரண்டு பேரும் ஒன்பதாம் நம்பர் பிள்ளையைப் பார்த்தார்கள். அவள் முகமெல்லாம் சிவக்க, ஓமென்று தலையாட்டினாள்.

மலர் பேனையைத் திறந்தாள். "ரெஃபரி, தயவுசெய்து இலக்கத்தைத் திரும்பக் காட்டுங்கள்" என்றாள், சுத்தமான இங்கிலீசில். பழிவாங்குகிறாளோ என்று நினைத்தேன். இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். ஒரு மூச்சு விட்டேன். ஒரு கை முழுவதும், மறு கையில் நாலு விரல். அவள் கோடு கிழித்தாள். அந்தத் தாளில் விழுந்த முதல் அடித்தல்.

மண்டபம் கூவியது. வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நோபல் பார்க்குக்குத்தானே, ஆட்டம் முடியப் போகத்தான் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எலேனி உள்ளே வந்தாள். வாசலில் நின்றவர் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நின்றார்.

அந்த ஆறு நிமிடம் அவள் விளையாடியதைச் சொல்லப் போனால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். ஒற்றைக் கையால் போட்டாள், பின்பக்கத்தால் பந்தைக் கொடுத்தாள், எட்டுப் புள்ளி பின்னால் நின்ற அணியை ஒரு புள்ளி முன்னால் கொண்டுவந்தாள். ஐந்து செக்கன் இருக்கிறது. எதிரணிப் பிள்ளை கூடையை நோக்கி எழும்புகிறாள், எலேனியின் கை அவளுடைய மணிக்கட்டில் விழுகிறது. எனக்கு நேர் முன்னால். இறைச்சிக்கடைக்காரருக்கு மறைப்பு, அவர் ஊத முடியாது. மண்டபத்துச் சத்தத்தில் அந்த அடி ஒருவருக்கும் கேட்டிருக்காது. சற்று முன்னர்தான் நான் அவளுக்காக என் மூக்கை நானே உடைத்துக்கொண்டேன், இப்போது நானே அவளை வெளியே அனுப்ப வேண்டுமா?

ஊதினேன். மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், எலேனியின் கை எனக்கு முன்பே மேலே நிற்கிறது.

எதிரணிப் பிள்ளை ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு தண்ட எறியையும் கூடைக்குள் போட்டாள். எலேனியின் அணி ஒரு புள்ளியால் தோற்றது. நான் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது, மண்ணிறக் கோட்டைக் காணவில்லை. எலேனியைத் தகப்பன் தோளில் அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார். இந்தியானாக்காரர் துவாயைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். இறைச்சிக்கடைக்காரர் மட்டும், "இன்றைக்கு இரண்டு காலிலும் நின்றாய்" என்று சொல்லி முதுகில் ஒன்று போட்டார். இறைச்சி வெட்டுகிற கையல்லவா, இரண்டு நாள் வலித்தது.

கார் மண்டபத்து வாசலைத் தாண்டியதும் மலர் கேட்டாள். "இப்ப தமிழ் கதைக்கலாமோ?"

"கதையும்."

"எனக்குப் பசிக்குது."

சிரித்துவிட்டேன். பிறகு, "அரைநேரத்தில நீர் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும். எல்லாருக்கும் முன்னாலை உம்மிலை பாய்ஞ்சதும் பிழை" என்றேன்.

"ஓம். பிழைதான்." பிறகு சொன்னாள். "தாளில கோடு கிழிச்சாச்சு. ஆனா அந்தப் பிள்ளை பயந்து பயந்து விளையாடின நேரத்தை ஆர் திருப்பிக் குடுக்கிறது?"

திருத்தினேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெருமை டாண்டினோங் வீதியிலேயே இறங்கிப் போய்விட்டது. பிழை தெரிந்த நிமிடத்தில் திருத்தினால்தான் அது திருத்தம். பிந்தினால் பாதிதான்.

மூன்று கிழமை ஞாயிறு இடியப்பத்துக்கு ஆள் வரவில்லை. நாலாம் கிழமை கதவு தட்டப்பட்டது. இந்தியானாக்காரர், கையில் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதம். கோட்டுக்காரர் கடைசி விசில் வரைக்கும் வாசலில் நின்றிருக்கிறார், பஸ் சாரதி ஹோர்ன் அடிக்க அடிக்க. எலேனியைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. நான் சந்தோசத்தில் அவருக்கு அளவில்லாமல் பரிமாறினேன், மலருக்கும் எனக்கும் சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த வருடம் இந்தியானாவிலிருந்து எங்கள் முகவரிக்கு எலேனியின் கடிதம் ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் பனியும் சாப்பாடும். இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "அந்த ஆட்டத்தில் முதல் பாதியில் நான் ஒருத்தியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே நான் முதல் தரம் வெளியே போனபோது ஐந்து என்பது சரியான கணக்குத்தான். நீங்கள் மேசையில் நின்று உங்கள் பிழையைச் சொன்னபோது நானும் சொல்ல நினைத்தேன். அப்பா மேலே நின்றார், கல்லூரிப் பயிற்சியாளர் வாசலில் நின்றார், எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடைசி ஃபவுலுக்கு உங்களுக்கு முன்பே கையைத் தூக்கினேன்."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது. அன்றிரவே பதில் எழுதினேன்: "மகளே, காணாத ஃபவுலுக்கு விசில் இல்லை. கண்டதை ஊதுவதும் ஊதியதைச் சரியாகக் காட்டுவதும்தான் என் வேலை. நன்றாக விளையாடு."

கடிதத்தை மலரிடம் நீட்டி, நீரும் ஏதாவது எழுதும் என்றேன். அவள் பேனையைத் திறந்து, அச்சடித்த மாதிரி எழுத்தில், கீழே ஒரு வரி சேர்த்தாள்.

"நீ சட்டையை இழுத்ததை நான் கண்டேன், பிள்ளை. ஸ்கோரருக்கு விசில் இல்லை" என்று இங்கிலீசில் எழுதியிருந்தாள்.

"நீர் கண்டனீரோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அரைநேரத்தில சொல்லத்தான் வந்தனான். ரெண்டு விசயம் சொல்ல வந்தனான். நீங்கள் ஒண்டைத்தான் சொல்ல விட்டனீங்கள்."